ஹைப்ரிட் பிக்கப் டிரக்கின் உண்மையான மைலேஜ்: அளக்கும் முறை, கூட்டும் வழி, குறையும் காரணம்

ஹைப்ரிட் பிக்கப் என்பது எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த, பின்னால் திறந்த சுமைத்தொட்டி உள்ள வண்டி. அதை வாங்கியவர்களில் ஒரு சாரார் மைலேஜைப் பார்த்து மகிழ்கிறார்கள். இன்னொரு சாரார் விளம்பரத்தை நம்பி ஏமாந்ததாகச் சொல்கிறார்கள். இரு சாராரிடமும் இருப்பது பெரும்பாலும் ஒரே வண்டிதான். வேறுபடுவது ஓடும் சாலை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண்களிலேயே இதைப் பார்க்கலாம்.

2021 ஃபோர்டு எஃப்-150, நான்கு சக்கர இயக்கம், 3.5 லிட்டர் டர்போ எஞ்சின். ஹைப்ரிட் இல்லாத வண்டிக்கு நகரத்தில் கேலனுக்கு 18 மைல், நெடுஞ்சாலையில் 23. அதே அளவு எஞ்சினோடு மின்மோட்டார் சேர்ந்த பவர்பூஸ்ட் வண்டிக்கு இரண்டிலும் 24. 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றினால் நகரத்தில் 13.1 லிட்டர் 9.8 ஆகக் குறைகிறது. நெடுஞ்சாலையிலோ 10.2 வெறும் 9.8 ஆகிறது. 2022 ஃபோர்டு மேவரிக்கில் இடைவெளி இன்னும் பெரிது. முன்சக்கர இயக்க டர்போ வண்டிக்கு நகரத்தில் 23, நெடுஞ்சாலையில் 30 மைல். ஹைப்ரிட்டுக்கு 42, 33. நகரத்தில் 100 கி.மீ.க்கு நாலரை லிட்டருக்கு மேல் மிச்சமாகிறது. நெடுஞ்சாலையில் ஒரு லிட்டர்கூட மிச்சமில்லை.

காரணம் எளிது. மின்மோட்டாரும் பேட்டரியும் பெட்ரோலுக்கு மாற்று அல்ல. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துத் திருப்பித் தருவதும், எஞ்சின் மோசமான திறனில் ஓடும் தருணங்களில் அதை அணைத்து வைப்பதும்தான் அவற்றின் வேலை. ஒரே வேகத்தில் 100 கி.மீ. போகும் சாலையில் பிரேக்கும் இல்லை, எஞ்சினை அணைக்க வாய்ப்பும் குறைவு. அங்கே ஹைப்ரிட் பாகங்கள் பெரும்பாலும் சுமையாகத்தான் உட்கார்ந்திருக்கும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்து வருபவை.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

'ஹைப்ரிட்' என்ற பட்டை ஒட்டிய எல்லா வண்டியும் ஒன்றல்ல. டொயோட்டா ஹைலக்ஸின் 48 வோல்ட் வகை மைல்டு ஹைப்ரிட். அதன் மோட்டார் 12 கிலோவாட்தான். எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும், வண்டியைத் தானாக இழுத்துச் செல்லாது. அதில் சில விழுக்காட்டு மிச்சத்தை எதிர்பார்க்கலாம், அதற்கு மேல் இல்லை.

மேவரிக், எஃப்-150 பவர்பூஸ்ட், டொயோட்டாவின் டன்ட்ரா, டகோமா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் ஆகியவை முழு ஹைப்ரிட்கள், அதாவது மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை. இவற்றுக்குள்ளும் நோக்கம் வேறுபடுகிறது. மேவரிக் சிக்கனத்துக்காகவே கட்டியது: வலுவைவிடச் சிக்கனத்தைப் பார்க்கும் 2.5 லிட்டர் அட்கின்சன் சுழற்சி எஞ்சின், 1.1 கிலோவாட் மணி பேட்டரி. டன்ட்ரா ஹைப்ரிட் இழுவிசைக்காகக் கட்டியது: 437 குதிரைத்திறன், 1.87 கிலோவாட் மணி நிக்கல் பேட்டரி. 2022-இல் அதன் இருசக்கர இயக்க வகைக்கு அதிகாரபூர்வக் கூட்டு மைலேஜ் கேலனுக்கு 22 மைல், ஹைப்ரிட் இல்லாததற்கு 20. சிக்கனத்தை மட்டும் நினைத்து டன்ட்ரா ஹைப்ரிட் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். பாரம் இழுக்கக் கூடுதல் வலு கிடைக்கிறது, கொஞ்சம் எரிபொருளும் மிச்சமாகிறது என்று பார்த்தால் கணக்கு ஒத்துவரும்.

பிஒய்டி ஷார்க் போன்ற ப்ளக்-இன் வண்டிகள் மூன்றாம் வகை. ஏறத்தாழ 30 கிலோவாட் மணி பேட்டரி, சுவரில் சொருகிச் சார்ஜ் செய்ய வேண்டும். அவற்றை அளக்கும் முறையே வேறு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

சரியாக அளப்பது

டாஷ்போர்டில் தெரியும் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். அது எஞ்சினுக்குள் பீய்ச்சிய எரிபொருளைக் கணினி மதிப்பிட்டுச் சொல்வது. உண்மையைவிடச் சில விழுக்காடு கூட்டிக் காட்டும் வண்டிகள் நிறைய. ஒரு பயணத்தை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும். செலவுக் கணக்குக்குப் பெட்ரோல் பங்கில் ஊற்றிய லிட்டர்தான் சாட்சி.

ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், வண்டி அதே திசையில் நிற்கும்படி நிறுத்துங்கள். குழாய் தானாக முதல் முறை 'டிக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் திணிக்க வேண்டாம். திணித்தால் அளவு தவறுவதோடு, ஆவியைப் பிடிக்கும் கரிக்குடுவைக்குள் பெட்ரோல் போய் அதைக் கெடுக்கும். நிரப்பியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பிறகு நிரப்புங்கள். தேதி, ஓடோமீட்டர், லிட்டர், டாஷ்போர்டு காட்டிய சராசரி, தோராய வெப்பநிலை, 'நகரம்', 'நெடுஞ்சாலை', 'டிரெய்லர்' போன்ற ஒரு சொல் குறிப்பு. இவ்வளவு எழுதினால் போதும்.

குழாய் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு லிட்டர் மாறும். 40 லிட்டர் நிரப்பலில் 2 லிட்டர் பிழை என்றால் 5 விழுக்காடு. ஆகவே ஒரு டேங்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தொடர்ந்து மூன்று நிரப்பல்களைச் சேர்த்தால் நடுவில் உள்ள பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். முதல் நிரப்பல், கடைசி நிரப்பல் இரண்டின் பிழை மட்டுமே மிஞ்சும். 120 லிட்டரில் 2 லிட்டர் என்பது இரண்டு விழுக்காட்டுக்கும் கீழே.

சராசரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு டேங்கில் 400 கி.மீ.க்கு 50 லிட்டர், அதாவது லிட்டருக்கு 8. இன்னொன்றில் 800 கி.மீ.க்கு 64 லிட்டர், லிட்டருக்கு 12.5. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 10.25 வரும். அது தவறு. மொத்தத் தூரம் 1200-ஐ மொத்த லிட்டர் 114-ஆல் வகுக்க வேண்டும். விடை 10.5.

எந்த அலகில் எழுதுவது? 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்பதே நல்லது. கேலனுக்கு மைல், லிட்டருக்கு கி.மீ. இரண்டும் கண்ணை ஏமாற்றும். கேலனுக்கு 15 மைலிலிருந்து 20-க்கு ஏறினால் 100 கி.மீ.க்கு 3.9 லிட்டர் மிச்சம். அதே 5 மைல் கூடி 33-இலிருந்து 38 ஆனால் மிச்சம் 0.9 லிட்டர்தான். அதிகம் குடிக்கும் பெரிய வண்டியில் சின்ன முன்னேற்றமே பெரிய பணம். மாற்றும் வழி: 235.2-ஐ அமெரிக்க கேலனுக்கான மைலால் வகுத்தால் 100 கி.மீ.க்கான லிட்டர். 100-ஐ லிட்டருக்கான கி.மீ.ஆல் வகுத்தாலும் அதே.

டயர் அளவை மாற்றியிருந்தால் ஓடோமீட்டரே தவறாகச் சொல்லும். 31.5 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால், மீட்டர் 600 கி.மீ. காட்டும்போது வண்டி ஓடியிருப்பது 629 கி.மீ. 62 லிட்டர் ஊற்றியிருந்தால் மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 9.7, உண்மையில் 10.1. பெரிய டயர் மைலேஜைக் கொன்றுவிட்டது என்ற புகாரில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான். போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸோடு 50 கி.மீ. நேரான சாலையில் ஒப்பிட்டு உங்கள் திருத்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு தூரத்தையும் அதால் பெருக்குங்கள்.

நிரப்பும்போது பேட்டரி எவ்வளவு நிரம்பியிருந்தது என்று கவலைப்படத் தேவையில்லை. 1.5 கிலோவாட் மணி பேட்டரியில் வண்டி புழங்க விடுவது நடுவில் உள்ள ஒரு பகுதியைத்தான். அது 0.6 கிலோவாட் மணி என்று வைத்தாலும் பெட்ரோல் கணக்கில் 0.2 லிட்டருக்கு மேல் வராது. முழு டேங்குக்கு முன் அது ஒன்றுமில்லை. ஆனால் வண்டியை ஜெனரேட்டராகப் பயன்படுத்தினால் அந்த டேங்கைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். பவர்பூஸ்ட் வண்டியின் பின்தொட்டி பிளக்கில் 2.4 கிலோவாட் தொடர்ந்து இழுத்தால் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் போகும், ஒரு கி.மீ.கூட ஏறாது.

ப்ளக்-இன் வண்டிக்கு ஒரே எண் போதாது. மின்சாரத்தில் மட்டும் ஓடும்போது 100 கி.மீ.க்கு எத்தனை கிலோவாட் மணி, பேட்டரி தீர்ந்தபின் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர், மொத்தத் தூரத்தில் மின்சாரத்தின் பங்கு எத்தனை விழுக்காடு என்று மூன்று எண்கள் வேண்டும். மின்சாரத்தை வண்டித் திரையில் பார்க்காமல் சுவர் மீட்டரில் அளங்கள். சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போகும் பகுதிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். 2021-இல் பதிவான கார்களின் ஓட்டத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், ப்ளக்-இன் கார்களின் உண்மையான கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் சோதனை எண்ணைப்போல் மூன்றரை மடங்கு இருந்தது. சோதனை எதிர்பார்த்த அளவுக்குப் பலர் சார்ஜ் செய்யவில்லை. தினமும் சொருகாத ப்ளக்-இன் பிக்கப், கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் சாதாரண ஹைப்ரிட்தான்.

புது வண்டியின் ஒட்டுத்தாளில் உள்ள மைலேஜ் எண் எங்கிருந்து வருகிறது

அமெரிக்க நகரச் சோதனை மணிக்குச் சராசரி 34 கி.மீ. வேகத்தில் 17.8 கி.மீ. ஓடுகிறது. நடுவில் 23 முறை நிற்கிறது. நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் 78 கி.மீ., உச்சம் 97-ஐத் தாண்டாது. 2008 மாடல் ஆண்டிலிருந்து 129 கி.மீ. வரை விரட்டும் சோதனை, 35 டிகிரி வெயிலில் ஏ.சி. ஓடும் சோதனை, மைனஸ் 7 டிகிரிக் குளிர்ச் சோதனை ஆகியவையும் சேர்ந்து, அறிவிக்கும் எண் கீழே இழுக்கப்படுகிறது. அப்படியும் நாள் முழுக்க 120-இல் போகிறவருக்கு அந்த நெடுஞ்சாலை எண் பொருந்தாது. ஐரோப்பாவும் வேறு பல நாடுகளும் பயன்படுத்தும் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரியில், 23 கி.மீ. தூரம், 131 கி.மீ. உச்ச வேகத்தில் நடப்பது. அதன் எண்ணையும் அமெரிக்க எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு தேர்வுகள்.

பிரேக்: ஹைப்ரிட்டின் வருமானம் இங்கேதான்

2,500 கிலோ வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.1 கிலோவாட் மணி. சாதாரண வண்டியில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இது முழுதும் பிரேக் தட்டில் சூடாகிப் போகிறது. ஹைப்ரிட்டில் போகவும் வரவும் உள்ள இழப்பு கழிந்து பாதி திரும்பச் சக்கரத்துக்கு வந்தால், ஒரு நிறுத்தத்துக்குச் சுமார் 20 மில்லிலிட்டர் பெட்ரோல் மிச்சம். ஐம்பது சிக்னலுக்கு ஒரு லிட்டர்.

ஆனால் மோட்டார் உள்ளே இழுக்கும் வேகத்துக்கு வரம்பு உண்டு. பவர்பூஸ்ட்டின் மோட்டார் 35 கிலோவாட். அதே 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வினாடியில் நின்றால் சராசரியாக 35 கிலோவாட் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் அதைப்போல் இரு மடங்கு வரும். 5 வினாடியில் நின்றால் சராசரியே 70. மிஞ்சியதைச் சாதாரண பிரேக் தின்றுவிடும். ஆக, 15 வினாடிக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெதுவாகத் தொடங்கி ஒரே சீராக மிதித்தால் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகும். முன் வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டுவதுதான் இதன் பாதி வேலை. கடைசிச் சில கி.மீ. வேகத்தில் மோட்டாரால் பிடிக்க முடியாது, அங்கே உராய்வு பிரேக்தான். ஃபோர்டு ஹைப்ரிட்களில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனை விழுக்காடு பிடிபட்டது என்று காட்டும் பிரேக் கோச் வசதி உண்டு. ஒரு வாரம் அதைப் பார்த்து ஓட்டினால் கால் பழகிவிடும். பச்சை விளக்குக்குள் உருண்டே போய்விட முடியுமானால் அது இன்னும் மேல். பிடித்துத் திருப்பித் தருவதைவிட வேகத்தை இழக்காமல் இருப்பதே லாபம்.

மலைச்சரிவில் கணக்கு மாறும். அதே வண்டி 300 மீட்டர் இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் 2 கிலோவாட் மணி. பேட்டரியின் புழங்கும் பகுதி அதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. சரிவின் முதல் பகுதியிலேயே நிரம்பிவிடும். அதன்பின் எஞ்சின் உறுமத் தொடங்கினால் பழுது அல்ல. வேகத்தைக் கட்டுப்படுத்த வண்டி எஞ்சின் இழுவையைப் பயன்படுத்துகிறது. நீங்களும் குறைந்த கியர் நிலைக்கு மாற்றி பிரேக் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் உச்சியை நெருங்கும்போது பேட்டரி காலியாக இருப்பது நல்லது. எனவே உச்சிக்கு முந்தைய நூறு மீட்டரில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி மோட்டாரை உதவ விடலாம்.

கிளம்பும்போது தவழ வேண்டாம். பேட்டரியிலேயே ஓட்ட வேண்டும் என்று 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போவது பலருக்கு ஒரு பெருமை. அந்த மின்சாரமும் பெட்ரோலில் இருந்து, எஞ்சின், மோட்டார், பேட்டரி, மறுபடி மோட்டார் என்று ஒவ்வொரு படியிலும் இழந்து வந்ததுதான். போக்குவரத்தோடு சேர்ந்து நடுத்தரமாக மிதித்து வேகத்தை எட்டிவிட்டு, பிறகு காலைத் தளர்த்துங்கள். எஞ்சின் நல்ல சுமையில் கொஞ்ச நேரம் ஓடுவது, குறைந்த சுமையில் நெடுநேரம் முனகுவதைவிடச் சிக்கனம். தளர்த்திய கணத்தில் வண்டி தானே மின்சார ஓட்டத்துக்கு மாறும்.

நெடுஞ்சாலை: வேகம்தான் எல்லாம்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். பிக்கப்பின் முன்பரப்பு பெரிது, வடிவம் கட்டை. முழு அளவு வண்டி ஒன்றுக்கு நியாயமான எண்களைப் போட்டுக் கணக்கிட்டால், 100 கி.மீ. தூரத்துக்குச் சக்கரத்தில் தேவைப்படும் ஆற்றல் இப்படி வருகிறது: 90 கி.மீ. வேகத்தில் 19 கிலோவாட் மணி, 110-இல் 25, 130-இல் 33. எஞ்சின் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குத் தருவதாகக் கொண்டால் முறையே சுமார் 6.6, 8.7, 11.2 லிட்டர். 110-இலிருந்து 90-க்கு இறங்கினால் 100 கி.மீ.க்கு 12 நிமிடம் கூடுதல், இரண்டு லிட்டர் மிச்சம். இதற்கு ஈடான வேறு எந்த உத்தியும் நெடுஞ்சாலையில் இல்லை. எதிர்காற்று பலமாக இருந்தால் அதன் வேகத்தையும் உங்கள் வேகத்தோடு கூட்டிப் பாருங்கள்.

வேகத்தைத் தானாக ஒரே அளவில் பிடித்து வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் சமதளத்தில் நல்லது. ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் அதை விடுத்து, ஏற்றத்தில் சில கி.மீ. வேகம் குறையவும் இறக்கத்தில் கூடவும் அனுமதியுங்கள்.

பின்கதவைத் திறந்து வைத்தால் காற்று சுலபமாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தவறு. மூடிய தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும். மேலே போகும் காற்று அதன்மேல் வழுக்கிச் செல்லும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைகிறது. மூடியே ஓட்டுங்கள். தொட்டியின்மேல் தட்டையான மூடி போட்டால் சிறு லாபம் கிடைக்கலாம். மைலேஜுக்காக மட்டும் வாங்கும் அளவுக்கு அது இல்லை. கூரையில் ஏணித்தாங்கி, கூடாரம், விளக்குப் பட்டை வைத்திருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

டிரெய்லர் இழுக்கும்போது ஹைப்ரிட் எண்ணை மறந்துவிடுங்கள். உயரமான கேரவனை நெடுஞ்சாலையில் இழுத்தால் மைலேஜ் பாதியாவது சாதாரணம். இங்கே எடையைவிட உயரமே எதிரி. தட்டையான டிரெய்லரில் இரண்டு டன் இழுப்பதைவிட, அதே எடையுள்ள உயரப் பெட்டியை இழுப்பது வெகுவாகக் குடிக்கும். பயணத் திட்டத்தை டேங்கின் பாதித் தூரத்தை வைத்துப் போடுங்கள், வேகத்தை 90-ஐ ஒட்டி வையுங்கள். இழுவை நிலையை இழுக்கும்போது மட்டும் போடுங்கள். வீடு வந்தபின் அதை அணைக்க மறந்தால் எஞ்சின் அடிக்கடி நிற்காது, கியரும் தாமதமாகவே ஏறும். தொட்டியில் சும்மா கிடக்கும் சுமைக்கும் விலை உண்டு: அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் 45 கிலோவுக்குச் சுமார் ஒரு விழுக்காடு. பெரிய வண்டியில் இந்தப் பங்கு கொஞ்சம் குறையும், சின்ன வண்டியில் கூடும்.

டயர்

கரடுமுரடான எல்லாத்தரை டயருக்கு மாறுவது, பிக்கப் உரிமையாளர்கள் தெரியாமலே செய்துகொள்ளும் மிகப் பெரிய மைலேஜ் இழப்பு. மூன்று வழியில் அடிக்கிறது: ரப்பர் மடிந்து நிமிர்வதால் உருளும் எதிர்ப்பு ஏறுகிறது, டயர் கனமாவதால் ஒவ்வொரு கிளம்பலுக்கும் கூடுதல் ஆற்றல் போகிறது, வண்டியை உயர்த்தியிருந்தால் அடியில் காற்று அதிகம் புகுகிறது. சரளைச் சாலையிலும் சேற்றிலும் வாரந்தோறும் ஓட்டுபவருக்கு அது தேவை. தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு, தொழிற்சாலையில் பொருத்திய அளவில், குறைந்த உருளும் எதிர்ப்புள்ள டயர் போதும். புது டயர் போட்டதும் மைலேஜ் சற்றுக் குறைந்தால் பதற வேண்டாம். தேய்ந்த டயரைவிடப் புதியதில் ரப்பர் ஆழம் அதிகம், எதிர்ப்பும் அதிகம்.

காற்றழுத்தத்தை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவின்படி, டயர் குளிர்ந்த நிலையில், மாதம் ஒருமுறை பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, உங்கள் அளவு அல்ல. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 விழுக்காடு மைலேஜ் போகும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஒன்று முதல் இரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே குறையும் என்பதால், குளிர் தொடங்கும்போது கட்டாயம் பாருங்கள்.

குளிரும் வெயிலும்

ஹைப்ரிட்டைக் குளிர் கடுமையாகப் பாதிக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 7-இல் நகர ஓட்டத்தில் சாதாரணக் காரின் மைலேஜ் 15 விழுக்காடு குறைகிறது. ஹைப்ரிட்டுக்கு 30 முதல் 34 விழுக்காடு. எஞ்சினை அணைப்பதே ஹைப்ரிட்டின் பலம். உள்ளே ஹீட்டர் வேண்டும் என்றால் எஞ்சின் சூடாகவே இருக்க வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியும் வெப்பத்தில்தான் வேலை செய்யும். குளிர்ந்த பேட்டரி சார்ஜையும் மெதுவாகத்தான் வாங்கும். மூன்றும் சேர்ந்து எஞ்சினை ஓட வைக்கின்றன.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சின்னச் சின்னப் பயணங்களை ஒன்றாகக் கோத்து, முதலில் தூரமான இடத்துக்குப் போங்கள். சூடான எஞ்சினோடு மற்ற வேலைகளை முடிக்கலாம். இருக்கை ஹீட்டரை முதலில் போட்டு, காற்று ஹீட்டரைக் குறைத்து வையுங்கள். கண்ணாடிப் பனி நீக்கும் நிலையைத் தேவை முடிந்ததும் அணையுங்கள். பல வண்டிகளில் அது எஞ்சினை நிற்க விடாது. நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட விட்டுச் சூடேற்றுவது வீண். அரை நிமிடத்தில் கிளம்பி மெதுவாக ஓட்டினால் வேகமாகச் சூடேறும். கடுங்குளிர் நாடுகளில் எஞ்சினைச் சுவர் மின்சாரத்தில் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் இருந்தால், கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட்டால் போதும்.

வெயிலில் ஏ.சி.யின் பங்கு வேகத்தைப் பொறுத்தது. அது 1.5 கிலோவாட் இழுத்தால், 30 கி.மீ. சராசரி வேகத்தில் ஊரும் நகர ஓட்டத்தில் 100 கி.மீ.க்கு இரண்டு லிட்டர் அளவுக்குப் போகும். 90 கி.மீ. வேகத்தில் 0.6 லிட்டர்தான். நகரத்தில் நிழலில் நிறுத்துவதும், கிளம்பிய முதல் ஒரு நிமிடம் கண்ணாடி திறந்து சூட்டை வெளியேற்றுவதும், பிறகு உள்காற்றைச் சுழற்றும் நிலைக்கு மாற்றுவதும் உண்மையாகவே பலன் தரும்.

பெட்ரோலும் மாறும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த இ10-இல் தூய பெட்ரோலைவிட ஆற்றல் சுமார் 3 விழுக்காடு குறைவு. அமெரிக்கச் சோதனைகள் எத்தனால் இல்லாத எரிபொருளில் நடப்பவை. ஆனால் அறிவிக்கும் எண்ணைக் கீழே இழுக்கும்போதே இந்தக் குறைவையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், ஆகவே ஒட்டுத்தாளோடு ஒப்பிடும்போது மறுபடி கழிக்க வேண்டாம். கையேடு கேட்காத உயர் ஆக்டேன் பெட்ரோலால் சிக்கனம் வராது.

மைலேஜ் திடீரென விழுந்தால்

முதலில் அளவுப் பிழையைச் சந்தேகியுங்கள். அடுத்த இரண்டு நிரப்பல் பார்த்த பிறகே மேலே போங்கள். பருவம், டயர், பாதை, சுமை மாறியதா என்று குறிப்பேட்டில் தேடுங்கள். நான்கு சக்கர இயக்கம் தானியங்கி நிலையிலோ, இழுவை நிலையோ ஸ்போர்ட் நிலையோ போட்டபடியோ இருக்கிறதா பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், சிக்னலில் எஞ்சின் நிற்கிறதா என்று கவனியுங்கள். வெப்பமான நாளில், 15 நிமிடம் ஓடிய பிறகும் நிற்கவே இல்லை என்றால் காரணம் தேடும் இடம் சுருங்கிவிடும். வண்டிக் கணினியின் தரவைப் படிக்கும் ஓபிடி கருவியைச் சொருகி, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலையைப் பாருங்கள். 60, 70 டிகிரியிலேயே தங்கினால், கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது. ஹைப்ரிட்டில் இது வெறும் ஹீட்டர் கோளாறு அல்ல, எஞ்சினை அணைக்கவே விடாத கோளாறு. பலவீனமான 12 வோல்ட் பேட்டரியும் சில வண்டிகளில் எஞ்சின் நிற்பதைத் தடுக்கும்.

ஹைப்ரிட் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருந்து காற்றால் குளிரும் வண்டிகளில், அந்தக் காற்று நுழைவாயைப் பையும் போர்வையும் கொண்டு அடைக்காதீர்கள். நாய் ஏறும் வண்டி, மண் சாலை வண்டி என்றால் அதன் வலைவடிகட்டியைக் கையேடு சொல்வதைவிட அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். பேட்டரி சூடேறினால் கணினி சார்ஜ் வாங்குவதைக் குறைக்கும். நீங்கள் எவ்வளவு நன்றாக பிரேக் போட்டாலும் ஆற்றல் சூடாகவே போகும்.

பிரேக்குகள் அதிகம் உழைக்காததால் ஹைப்ரிட்டில் வரும் தனி நோய், பிரேக் கட்டையைத் தட்டோடு அழுத்தும் காலிப்பரின் வழுக்குக் கம்பிகள் துருப்பிடித்து மாட்டிக்கொள்வது. பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கி.மீ. ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கர நடுவையும் அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 20, 30 டிகிரி அதிகமாக இருந்தால் அங்கே பிரேக் உரசுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவச் சொல்லுங்கள். உப்புத் தூவும் குளிர்ச் சாலைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எஞ்சின் ஆயில் கையேட்டில் உள்ள தடிமன்தான். கெட்டியானதை ஊற்றினால் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு கூடும். காற்று வடிகட்டியைப் புதிதாக்கினால் மைலேஜ் ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எஞ்சினில் அடைபட்ட வடிகட்டி வேகமெடுப்பைக் கெடுக்கும், மைலேஜை அல்ல.

வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கூட்டு மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் ஆண்டுத் தூரத்தை நகரம், நெடுஞ்சாலை என்று பிரியுங்கள். மேலே சொன்ன எஃப்-150 எண்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 20,000 கி.மீ., அதில் 15,000 நகரம் என்றால் நகரத்தில் 100 கி.மீ.க்கு 3.3 வீதம் 495 லிட்டர், நெடுஞ்சாலையில் 5,000 கி.மீ.க்கு 0.4 வீதம் 20 லிட்டர். மொத்தம் 515 லிட்டர் மிச்சம். அதே 20,000-இல் 15,000 நெடுஞ்சாலை என்றால் 165 லிட்டரும் 60 லிட்டரும் சேர்ந்து 225 லிட்டர்தான். இரு வண்டிகளின் விலை வித்தியாசத்தை, இந்த லிட்டரையும் உங்கள் ஊர்ப் பெட்ரோல் விலையையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்று தெரியும். டிரெய்லரோடு ஓடும் கி.மீ.யை இந்தக் கணக்கில் நெடுஞ்சாலைப் பக்கம் சேர்க்காமல், மிச்சம் பூஜ்யம் என்றே வையுங்கள்.